கல்யாண கேசட்டும் 64 மைக்ரோ விநாடியும்

அக்காவின் கல்யாணம் 1991 ஆவணியில் நடந்தது. எங்கள் வீட்டில் வீடியோ எடுத்த முதல் விசேஷம் அதுதான். அந்தக் கேசட் முப்பது வருடத்துக்கு மேல் இரும்பு பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் கிடந்தது. அதைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று, ஓடுகிற நிலையில் இருந்த ஒரு பழைய டெக்கைத் தேடிப்பிடித்து, மலிவான யூ.எஸ்.பி. இணைப்பான் ஒன்றின் வழியாக மடிக்கணினியில் மாட்டி ஓடவிட்டேன்.

படம் வந்தது. ஆனால் வாசலில் கட்டிய வாழைமரங்கள் புயலில் சிக்கியவை போல மேல்பாதியில் மட்டும் வளைந்து நின்றன. தாத்தாவின் நெற்றி வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போக, முகவாய் அதன் இடத்திலேயே இருந்தது. கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் படம் இரண்டு முறை துள்ளிவிட்டு நீலத்திரையாக மாறியது. தாலி கட்டியதை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். நாதஸ்வரமும் தவிலும் ஒரு பிசிறு இல்லாமல் ஒலித்துக்கொண்டிருந்தன.

"கேசட் போச்சுப்பா" என்றார் அத்தான். அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கேசட் போகவில்லை. இதே கேசட் 1990களில் எங்கள் வீட்டு டிவியில் நேராக ஓடியதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படியானால் டிவியில் நேராக நின்ற வாழைமரம் கணினியில் ஏன் வளைகிறது? ஒரே நாடாவில் சத்தம் நன்றாக இருக்கும்போது படம் மட்டும் ஏன் கோணுகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். வீடியோ நாடாவில் படம் புகைப்படம்போல் பதிந்து கிடக்கவில்லை. அது நேரமாகப் பதிந்திருக்கிறது. எந்தப் புள்ளி எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்பதுதான் அது திரையில் எந்த இடத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கணம் தவறினால் இடம் தவறும்.

இதைப் புரிந்துகொள்ள, நாடாவுக்குள் படத்தை எப்படி அடைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். பாட்டு கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர்ந்தாலே குரலும் வீணையும் பதிந்துவிடும். மனிதக் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் தேவையில்லை. படத்துக்கோ அது பல லட்சம். பி.பி.சி. 1958-ல் காட்டிய 'வேரா' என்ற பதிவு இயந்திரம் இதற்கு நேரடியான வழியைப் பின்பற்றியது. நாடாவை விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல் வேகத்தில் இழுத்தது. அரை மீட்டர் விட்டமுள்ள சுருளில் நாலரைக் கிலோமீட்டர் நாடா. ஓடியதோ வெறும் 15 நிமிடம்.

அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-லேயே இன்னொரு வழியைக் காட்டியிருந்தது. நாடாவை மெதுவாக விட்டுவிட்டு, அதில் பதிந்து படிக்கும் முனையான ஹெட்டைச் சுழற்றலாம் என்பது அவர்கள் யோசனை. சார்ல்ஸ் கின்ஸ்பர்க் தலைமையிலான அந்தக் குழுவில், பிற்காலத்தில் திரையரங்கு ஒலியில் பெயர் பெற்ற ரே டால்பியும் இளைஞராக இருந்தார். ஜப்பானின் ஜே.வி.சி. 1976-ல் கொண்டுவந்த வி.எச்.எஸ். கேசட் இந்தச் சுழலும் ஹெட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது. டெக்கின் மூடியைத் திறந்தால் பளபளவென்று சற்றே சாய்ந்து நிற்கிற உருளை ஒன்று தெரியும். அதைத்தான் மெக்கானிக்குகள் டிரம் என்பார்கள். விட்டம் 62 மில்லிமீட்டர். நம் ஊரில் பயன்பட்ட 'பால்' முறை டெக்கில் அது விநாடிக்கு 25 முறை சுற்றுகிறது. பேஸ் ஆல்டர்னேட்டிங் லைன் என்பதன் சுருக்கம்தான் பால். தூர்தர்ஷன் 1982-ல் வண்ணத்துக்கு மாறியபோது இந்தியா எடுத்துக்கொண்ட முறை அது. டிரம்மில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள். அரை அங்குல நாடா விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர் வேகத்தில் எறும்புபோல ஊர, அதன்மேல் இந்த ஹெட்டுகள் சாய்வாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு கிழித்துக்கொண்டே போகின்றன. ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகம் விநாடிக்கு 4.85 மீட்டர். வேராவின் வேகத்துக்குக் கிட்டத்தட்ட சமம். மூன்று மணி நேரக் கேசட்டில் நாடாவின் நீளம் 250 மீட்டர் சொச்சம்தான். அதன்மேல் ஹெட்டுகள் கடக்கிற தூரத்தைக் கூட்டினால் 52 கிலோமீட்டர் வருகிறது. சென்னையிலிருந்து கிட்டத்தட்ட மாமல்லபுரம் வரை போய்விடலாம். கையடக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் இதைச் செய்து முடித்த பொறியாளர்கள் மீது எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

சத்தம் இந்தச் சுழற்சியில் சேரவில்லை. நாடாவின் ஓரத்தில், அசையாத தனி ஹெட் ஒன்று நேர்கோடாக அதைப் பதிகிறது. நாடா பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீண்டு போனால் தவிலின் ஒலியில் அதைக் கண்டுபிடிக்க எந்தக் காதாலும் முடியாது. எங்கள் கேசட்டில் கெட்டிமேளம் பிழைத்தது அதனால்தான்.

படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஹெட் கிழிக்கிற ஒவ்வொரு சாய்கோடும் ஏறக்குறைய 9.7 சென்டிமீட்டர் நீளம்; அகலம் 49 மைக்ரான், தலைமுடியைவிடக் குறைவு. அந்த ஒரு சாய்கோட்டில் பாதிப் படம் இருக்கிறது; பால் முறையின் 625 கிடைக்கோடுகளில் பாதி, அதாவது 312½. எனவே திரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை ஓடுகிற ஒரு கிடைக்கோடு நாடாவில் 0.31 மில்லிமீட்டர் இடத்தில் ஒடுங்கியிருக்கிறது. அதைப் படிக்க ஹெட் எடுத்துக்கொள்ளும் நேரம் 64 மைக்ரோ விநாடி. அதில் 52 மைக்ரோ விநாடிதான் படம். மீதியில் 4.7 மைக்ரோ விநாடி நீளமுள்ள ஒரு துடிப்பு இருக்கிறது. "இதோ, புதுக்கோடு ஆரம்பிக்கிறது" என்று சொல்லும் அந்தத் துடிப்புக்கு சிங்க் என்று பெயர். கச்சேரியில் பாடகர் தொடையில் போடும் தாளம் மாதிரி. பாட்டு எப்படி வளைந்தாலும் தட்டு விழும் இடத்தைப் பிடித்துக்கொண்டால் எல்லாரும் சேர்ந்து போகலாம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெட் ஒரு மைக்ரோ விநாடியில் நாடாவின் மேல் கடப்பது 5 மைக்ரானுக்கும் சற்றுக் குறைவான தூரம். டிஜிட்டல் வீடியோவுக்காக 1982-ல் வகுத்த உலகத் தரப்படி, கணினி ஒவ்வொரு கோட்டையும் விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை அளந்து, படத்துக்குக் குறுக்கே 720 புள்ளிகளாக எழுதுகிறது. ஆக, நாடாவில் 5 மைக்ரான் பிசகினால் திரையில் ஏறக்குறைய 14 புள்ளி நகர்ந்துவிடும். நாடா பாலியெஸ்டரால் ஆனது. சித்திரை வெயிலில் நீளும், ஐப்பசி ஈரத்தை உறிஞ்சினாலும் நீளும், இழுவிசை கொஞ்சம் அதிகமான டெக்கில் மாட்டினாலும் நீளும். பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் நீண்டது என்று வைத்துக்கொள்வோம். 9.7 சென்டிமீட்டர் சாய்கோட்டில் அது 9.7 மைக்ரான். நேரக் கணக்கில் 2 மைக்ரோ விநாடி. திரையில் 27 புள்ளி.

இந்தப் பிழை எங்கே வெளிப்படுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு சாய்கோட்டைப் படித்துக்கொண்டு போகும்போது பிழை ஒரேயடியாக வருவதில்லை. ஒவ்வொரு கிடைக்கோடும் முந்தையதைவிட இம்மியளவு தாமதமாக வருகிறது; எந்தக் கருவியும் சிரமமில்லாமல் பின்தொடர்ந்துவிடும். படத்தின் அடிவிளிம்பை நெருங்கும்போது முதல் ஹெட் நாடாவைவிட்டு விலகுகிறது. இரண்டாவது ஹெட் பொறுப்பேற்கிறது. அதுவரை சேர்ந்த 2 மைக்ரோ விநாடிக் கடன் அந்தக் கைமாற்றத்தில் ஒரே துள்ளலாக வெளிப்படுகிறது. பின்தொடரும் கருவி தடுமாறி, பத்து இருபது கோடுகள் கழித்துத்தான் மறுபடி தாளத்தைப் பிடிக்கிறது. அந்தப் பத்து இருபது கோடுகள் எங்கே இருக்கின்றன? அடுத்த பாதிப் படத்தின் உச்சியில். வாழைமரங்கள் மேலே மட்டும் வளைந்ததன் காரணம் இதுதான். எங்கள் கேசட்டில் நீட்சி இன்னும் அதிகம், இணைப்பானின் பிடிமானம் இன்னும் மோசம். அதனால் வளைவு கால்வாசிப் படம்வரை இறங்கியிருந்தது.

பழைய டிவி என்ன செய்தது? கண்ணாடிக் குழாய் டிவி, நல்ல மிருதங்கக்காரரைப் போன்றது. பாடகர் ஒரு இடத்தில் இழுத்துப் பாடினால் அவரும் இழுத்து வாசிப்பார். சபையில் யாருக்கும் தெரியாது. டிவிக்குள் எலெக்ட்ரான் கற்றையைத் தள்ளுகிற சுற்று, நாடாவிலிருந்து வரும் சிங்க் துடிப்பைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டே போகும். டெக் மாட்டுவதற்கென்று டிவியில் ஒதுக்கிய ஏவி சேனலில் இந்தத் திருத்தம் இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும்படி அமைத்திருந்தார்கள். போதாததற்கு, படத்தின் ஓரங்கள் நான்கு பக்கமும் குழாயின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்தும் இருந்தன. உச்சி வளைவில் கொஞ்சமும், ஹெட் மாறும் இடத்தில் அடியில் வருகிற கிழிசலும் நம் கண்ணில் படவே இல்லை.

கணினி மிருதங்கக்காரர் அல்ல. குவார்ட்ஸ் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பாடகர் எங்கே இருந்தாலும் தன் கணக்குப்படி தட்டிக்கொண்டே போகிறது. இணைப்பானுக்குள் இருக்கும் சில்லு கொஞ்சம் பின்தொடர முயற்சி செய்யும். துள்ளல் பெரிதானால் கோட்டைத் தவறான இடத்தில் வெட்டும். துடிப்பே மங்கினால் "சிக்னல் இல்லை" என்று முடிவுகட்டி நீலத்திரையைக் காட்டிவிடும். இடையில் சில படங்களை விழுங்கியும் விடும். ஒரு படம் 40 மில்லி விநாடி. 25 படம் விழுங்கினால் உதட்டசைவுக்கும் குரலுக்கும் ஒரு விநாடி இடைவெளி விழுந்துவிடும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன். வளைந்த படத்தைக் கணினியில் ஏற்றியாகிவிட்டது, இனி ஏதாவது மென்பொருளில் நேராக்கிக்கொள்ளலாம் என்று இரண்டு வாரம் போராடினேன். பலிக்கவில்லை. சில்லு 720 புள்ளிகளை வெட்டி எடுத்தபோதே சிங்க் துடிப்பை எறிந்துவிட்டது. ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். சாட்சி போன பிறகு மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். வாழைமரம் நேரானது என்று நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. கோணலைக் கணினிக்குள் நுழையும் முன்பே நிமிர்த்த வேண்டும்.

நிமிர்த்துகிற கருவிக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். தொழிலில் டி.பி.சி. என்பார்கள். 1970களில் தொலைக்காட்சி நிலையங்களுக்கு டிஜிட்டல் வடிவில் வந்தது. திருப்பதியில் பக்தர்கள் கும்பல் கும்பலாக, நேரம் காலம் இல்லாமல் வருகிறார்கள். அவர்களைக் கூடங்களில் உட்காரவைத்து, சீரான இடைவெளியில் உள்ளே விடுகிறார்களே, அதேதான். முன்னும் பின்னுமாக வந்து சேர்கிற கோடுகளை டி.பி.சி. தன் நினைவகத்தில் வாங்கி வைக்கிறது. ஒவ்வொன்றின் சிங்க் துடிப்பையும் பார்த்து, அதன் உண்மையான தொடக்கம் எது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு பிசகாத கடிகாரப்படி 64 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக வெளியே விடுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. கோடுகளைத் திருத்துகிற வகை வளைவையும் நடுக்கத்தையும் போக்கும். முழுப் படத்தையும் வாங்கி வைத்து விடுகிற வகை, படங்கள் விழுங்கப்படுவதைத் தடுக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

சூப்பர் வி.எச்.எஸ். டெக்குகளில் விலை உயர்ந்த சில மாடல்களுக்குள்ளேயே கோடு திருத்தும் டி.பி.சி. இருக்கிறது. அது கிடைக்காதவர்களுக்கு, உலகெங்கும் கேசட் மீட்பவர்கள் கண்டுபிடித்த மாற்றுவழி ஒன்று இருக்கிறது. 2000களில் வந்த டிவிடி ரெக்கார்டர்கள், பதிவு செய்யும் தேவைக்காக உள்ளே வரும் சிக்னலை வாங்கித் திருத்தி வைத்துக்கொண்டன. டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் அப்படியொன்றை வைத்து, எதையும் பதியாமல் சிக்னலை மட்டும் அதன் வழியாக அனுப்பினால் வளைவு பெருமளவு போய்விடும். பானசோனிக்கின் இஎஸ்10, இஎஸ்15 மாடல்கள் இந்த வேலைக்குப் பெயர் போனவை. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்வதில்லை. பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில், தூசி படிந்து கிடந்த ரெக்கார்டர் ஒன்றை வாங்கிவந்து நடுவில் மாட்டிய அன்று வாழைமரங்கள் நிமிர்ந்தன.

நீலத்திரை மட்டும் போகவில்லை. அதற்கு மெக்கானிக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. எழுபதை நெருங்கும் அவர், டெக்குகளைக் கழற்றிப் பூட்டியே வாழ்ந்தவர். கேசட்டைக் கையில் வாங்கியதும் டெக்கில் போடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, அதன் சின்ன ஜன்னல் வழியாகச் சுருளைப் பார்த்தார். "பூஞ்சை இல்ல தம்பி, பொழச்சுது" என்றார். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடியோ சிலந்தி வலைபோன்ற படலமோ இருந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் அது சகஜம். அதோடு ஓட்டினால் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், நாடாவைக் கிழிக்கும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். வித்துகள் நெஞ்சுக்கும் கெடுதல். அதைச் சுத்தம் செய்வது தனி வேலை, முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை.

பிறகு மூடியைத் திறந்து டிரம்மைத் துடைத்தார். மெல்லிய தோல்துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, டிரம்மின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, துணியை அசைக்காமல் டிரம்மை விரலால் சுற்றினார். "பக்கவாட்டுலதான் தொடைக்கணும். மேலயும் கீழயும் தேச்சீங்கன்னா ஹெட் ஒடஞ்சு கையோட வந்துரும்" என்றார். துணியில் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. நாடாவிலிருந்து உதிர்ந்த காந்தப் பொடி. 49 மைக்ரான் கோட்டைப் படிக்க வேண்டிய ஹெட்டின் இடைவெளியை அது அடைத்திருந்ததால்தான் சிங்க் மங்கி, நீலத்திரை வந்திருக்கிறது. கேசட்டையும் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி வைத்தார். பல வருடம் அசையாமல் கிடந்த நாடாவில் சுருளுக்குச் சுருள் இறுக்கம் மாறியிருக்கும். அந்த ஏற்ற இறக்கமே நேரப் பிழையாக வெளிவரும். அவர் கடைசியாகத் தொட்டது டிராக்கிங் குமிழை. நாடாவின் கீழ் ஓரத்தில் விநாடிக்கு 25 துடிப்புகள் தனியாகப் பதிந்திருக்கின்றன. ஹெட் எந்தச் சாய்கோட்டின்மேல் எப்போது ஏற வேண்டும் என்பதை டெக் அதை வைத்துத்தான் அறிகிறது. பதிந்த கேமராவும் ஓட்டுகிற டெக்கும் வேறுவேறு என்பதால் இதில் சிறு வித்தியாசம் இருக்கும். குமிழைத் திருகத் திருக, படத்தில் ஓடிய பனிப்பட்டை இறங்கி மறைந்தது.

அன்று மாலை தாலி கட்டியதைப் பார்த்தோம்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் சிலவற்றைக் கணினியில் பிறகும் திருத்திக்கொள்ளலாம். கண நேரம் மின்னி மறையும் வெள்ளைக் கீறல்கள், காந்தப் பூச்சு உதிர்ந்த இடங்கள். நல்ல டெக் அந்த இடத்தில் முந்தைய கோட்டையே மறுபடி காட்டிச் சமாளிக்கும். பட்டுப்புடவையின் சிவப்பு கரையைத் தாண்டி வழிகிறதென்றால், வி.எச்.எஸ். வண்ணத்துக்கு மிகக் குறைந்த இடமே ஒதுக்கியிருக்கிறது; அதன் கூர்மை கறுப்பு வெள்ளைப் பகுதியைவிட மிகவும் குறைவு. டெக்கில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் கம்பியை விட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள். நாடாவில் ஒளியும் வண்ணமும் பிரிந்தே பதிந்திருக்கின்றன. மஞ்சள் கம்பி அவற்றைக் கலந்து அனுப்புகிறது, கணினி மறுபடி பிரிக்கிறது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் கொஞ்சம் கெடுகிறது.

மாலை மாற்றும்போது கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிவது பழுதே அல்ல. ஒரு படத்தின் ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பதிவானவை. குழாய் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்டியது. கணினி இரண்டையும் ஒன்றாகக் கோத்துக் காட்டுவதால் பல் முளைக்கிறது. பிரித்து விநாடிக்கு 50 படமாக மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 25 ஆக மாற்றினால் அசைவின் வழுவழுப்பில் பாதி போய்விடும். அடுத்தது முகம். 720-க்கு 576 என்ற கோப்பை அப்படியே ஓட்டினால் எல்லாரும் சற்று ஒல்லியாகத் தெரிவார்கள். இன்றைய அகலத் திரையை நிரப்பும்படி இழுத்துவிட்டால் மாப்பிள்ளை முதல் மேளக்காரர் வரை அனைவரும் குண்டு. நான்குக்கு மூன்று என்ற பழைய விகிதம்தான் உண்மை. இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்றையும் பதியும்போதே கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து வீடியோ விளக்கு வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் பொசுக்கிவிட்டிருக்கும். சிக்னலின் பளிச்சிடும் பகுதி, கணினி அளக்கும் எல்லைக்கு மேலே போனால் வேட்டியின் மடிப்பெல்லாம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பின்னால் எந்த மந்திரமும் அதைக் கொண்டுவராது. ஏற்றும் முன் பிரகாசத்தைக் கொஞ்சம் தணித்து வையுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களின் கேசட்டுகளுக்கும் ஒரு வார்த்தை. கனடாவில் பதிந்தது என்.டி.எஸ்.சி. முறை; 525 கோடு, விநாடிக்கு ஏறக்குறைய 30 படம். பிரான்ஸில் செகாம் முறையில் பதிந்த கேசட் பால் டெக்கில் கறுப்பு வெள்ளையாக ஓடும். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் நடந்த எத்தனையோ இலங்கைத் தமிழர் கல்யாணங்கள் இப்படி "கெட்டுப்போன" கேசட்டுகளாக யாழ்ப்பாணத்து வீடுகளிலும் சென்னை வீடுகளிலும் கிடக்கக்கூடும். அவை கெடவில்லை, பொருந்துகிற டெக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

டெக் தருகிற படத்தையே வேண்டாம் என்று சொல்கிற ஒரு முறையும் இப்போது வந்திருக்கிறது. டெக்கின் மின்பலகையில், ஹெட் நாடாவிலிருந்து எடுத்த கச்சா சிக்னலை மெக்கானிக்குகள் சோதிப்பதற்கென்று விட்ட முனை ஒன்று உண்டு. அதிலிருந்தே கம்பி எடுத்து, விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை அளந்து, அப்படியே சேமித்துவிடுகிறார்கள். மீதி வேலை முழுவதையும், சிங்க் துடிப்பைத் தேடுவது, கோட்டை நிமிர்த்துவது, பூச்சு உதிர்ந்த இடத்தைக் குறிப்பது எல்லாவற்றையும், மென்பொருள் பொறுமையாகச் செய்கிறது. லேசர் டிஸ்க்குகளை, குறிப்பாக 1986-ல் பி.பி.சி. வெளியிட்ட டோம்ஸ்டே டிஸ்க்கை, மீட்பதற்காக ஆர்வலர்கள் எழுதிய நிரலிலிருந்து கிளைத்தது இது. பெயர் வி.எச்.எஸ்.-டிகோட், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சாட்சியை எறியாமல் வைத்துக்கொள்கிற முறை என்பதால் இதன்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை. நாளை நல்ல கணக்கு யாராவது எழுதினால், நாடாவைத் தொடாமலே இதே சேமிப்பிலிருந்து இன்னும் நல்ல படம் எடுக்கலாம்.

செயற்கை நுண்ணறிவால் படத்தைக் கூர்மையாக்குகிறோம் என்று சொல்பவர்களிடம் மாத்திரம் எச்சரிக்கையாக இருங்கள். வி.எச்.எஸ். படத்தில் குறுக்கே உண்மையாக இருப்பது ஏறக்குறைய 320 புள்ளிகளுக்கான விவரம்தான். அதை நான்கு மடங்காக்கினால் மீதியை இயந்திரம் தானாக இட்டு நிரப்புகிறது. எங்கள் கேசட்டில் பந்தி வரிசையின் கடைசியில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். முகம் இருபது புள்ளி அகலம் இருந்தால் அதிகம். சோதனைக்காக அந்த மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். வழுவழுப்பான கன்னம், தெளிவான கண், அழகான ஒரு கிழவி வந்தாள். என் பாட்டி அல்ல. உடனே அழித்துவிட்டேன். மங்கலாக இருந்தாலும் அந்த இருபது புள்ளிகளும் அவள் மேல் பட்ட வெளிச்சத்திலிருந்து வந்தவை.

கடையில் கொடுத்து மாற்றுகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். டி.பி.சி. உண்டா? எஸ்-வீடியோ வழியாகவா? சுருக்காத கோப்பு தருவீர்களா? சுருக்காமல் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 ஜி.பி. ஆகும். எஃப்.எஃப்.வி.1 போன்ற, எதையும் இழக்காத சுருக்கத்தில் ஏறக்குறைய பாதியாகும். ஆவணக்காப்பகங்கள் பயன்படுத்துவதும் அதைத்தான். வாட்சப்பில் அனுப்பச் சின்னக் கோப்பு ஒன்றை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சின்னதிலிருந்து பெரியதை எடுக்க முடியாது. கல்யாணத்தை எடுத்த ஸ்டூடியோ இன்னும் இருந்தால் மாஸ்டர் கேசட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம் கையில் இருப்பது பெரும்பாலும் அதன் நகல். மிக்ஸிங் செய்த இடத்திலேயே வளைவு படத்தோடு சேர்ந்து பதிந்திருந்தால் எந்த டி.பி.சி.யாலும் திருத்த முடியாது. மாஸ்டரில் அது இருக்காது.

காலம் அதிகம் இல்லை. உலகில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. 2025-க்குள் டிஜிட்டலாக மாற்றாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை என்றென்றைக்குமாகப் போய்விடும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் 2015-லேயே எச்சரித்தது. அந்த ஆண்டு தாண்டிவிட்டது என்பதற்காகக் கைவிட வேண்டாம். எங்கள் 1991 கேசட் பிழைத்திருக்கிறது. நாடா காத்திருந்தாலும் ஹெட்டைத் துடைக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கேசட்டைப் பரணிலிருந்து இறக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் எந்த டெக்கிலும் போடாதீர்கள். தெரியாவிட்டாலும், கணினியில் ஏற்றி முடித்த பிறகு கேசட்டைத் தூக்கிப்போடாதீர்கள். ஈரமில்லாத அலமாரியில், புத்தகம்போல நிற்க வைத்துவிடுங்கள்.